கண்ணாறும் கல்வெட்டும்

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நெல் நாட்டில் இயற்கையை ஒருபுறமும் வரலாற்றை மறுபுறமும் வைத்துப் பார்க்க முயல்பவர் விரைவிலேயே அந்த முயற்சியைக் கைவிட நேரும். இங்கே கண்ணுக்கு எட்டியவரை விரியும் பசுமையில் பெரும்பகுதி யாரோ வெட்டிய வாய்க்காலால் வந்தது; அந்த வாய்க்காலின் பெயர் பக்கத்துக் கோயிலின் அடித்தளக் கல்லில் ஒரு நிலத்தின் எல்லையாகப் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும்; அதே வாய்க்காலின் கரையில் இன்றைக்கும் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். இந்தப் பகுதியிலிருந்து தமிழுக்கு இத்தனை எழுத்தாளர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்ற கேள்விக்கு, காவிரித் தண்ணீரின் மகிமை என்று விடை சொல்வது வழக்கம். கேட்க இனிமையான விடைதான், ஆனால் அது போதாது. அதே தண்ணீரைக் குடித்த லட்சக்கணக்கானோர் எழுதவில்லை. எழுதியவர்களிடம் பொதுவாக இருந்தது வேறொன்று: தம் காலடியில் கிடந்த ஊரை, அதன் ஆற்றையும் மரத்தையும் கல்லையும் கதையையும், அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம். அவர்கள் அடைந்த மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைத்த எழுத்தும் அந்தப் பழக்கத்தில்தான் தொடங்கின.

முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்கிக்கொண்டு, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடுகிறது. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் கல்லணையில் வெண்ணாறு தனியே பிரிகிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதையொட்டி உருவான கல்லணைக் கால்வாயும் அங்கிருந்தே புறப்பட்டு, ஆற்றுநீர் எட்டாதிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்களுக்குச் செல்கிறது. பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், கீர்த்திமான் என்றும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வடவாறு என்றும் கிளைகள் பெருகுகின்றன. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்று ஊரார் சொல்லும் இடத்தில், ஆற்றை மறித்துத் தண்ணீரைப் பங்கிடும் மதகுகள் வழியே வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் தனித்தனி வழி பிடிக்கின்றன. இப்படிப் பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. முதன்முறை பார்ப்பவருக்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நதி தன்னையே வயல்களுக்குக் கொடுத்து முடித்துவிட்ட நிலை அது என்று உணர்பவருக்கு, அந்த மெலிந்த கழிமுகத்தைவிடப் பெருமைக்குரிய காட்சி இந்த நாட்டில் வேறில்லை.

இந்தக் கிளைகளில் பலவும் அரசர்களின் பெயரைச் சுமந்து செல்கின்றன. வீரசோழனும் முடிகொண்டானும் சோழர் காலத்தை நினைவூட்டுபவை. முடிகொண்டான் என்பது முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயர். திருமலைராஜன் ஆற்றின் பெயர், பதினைந்தாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்டவனும் காளமேகப் புலவரின் கதைகளில் வருபவனுமான திருமலைராயனோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரு நடுத்தர ஊரில் பேருந்திலிருந்து இறங்கி, பாலத்தின் மேல் நின்று, கீழே ஓடும் ஆற்றின் பெயரைப் பெயர்ப்பலகையில் படிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு வரலாற்று நூலின் அட்டையைத் தொட்டுவிடுகிறார்.

ஆனால் நூல் முழுவதையும் படிக்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். டெல்டாவின் பழைய கோயில்களில் கருவறைச் சுவரைத் தாங்கும் அடித்தளத்தை அதிட்டானம் என்பார்கள். அதன் பட்டைகளிலும் உருண்டு திரண்ட குமுதத்திலும் அதற்கு மேலுள்ள சுவரிலுமாகக் கல்வெட்டுகள் சுற்றிச் சுற்றி ஓடும். நண்பகல் வெளிச்சத்தில் வெறும் கீறல்களாகத் தெரியும் எழுத்துகள், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் தேங்கி வரிவரியாக எழுந்து நிற்கும். அவற்றில் மெய்க்கீர்த்தி எனப்படும் அரசர் புகழுரை ஒரு பகுதிதான். பெரும்பகுதி நிலக் கணக்கு: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, எத்தனையாவது கண்ணாறு, எத்தனையாவது சதிரம் என்று ஒரு வயலின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லும் கணக்கு. வதி என்பது ஒரு திசையிலும் வாய்க்கால் அதற்குக் குறுக்கான திசையிலும் ஓடுபவை. கண்ணாறு என்பது அவற்றிலிருந்து வயலுக்குள் நீரைக் கொண்டுசெல்லும் சிறு கால். இவற்றுக்கிடையே அமைந்த சதுரத் துண்டே சதிரம். அளவுகளோ வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கிக்கொண்டே போய், நம்ப முடியாத அளவுக்கு நுண்ணிய பின்னங்களைத் தொடுகின்றன. இருபது மா கொண்டது ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. வேலி, மா என்று கணக்குச் சொல்லும் பெரியவர்களை இன்றைக்கும் இந்த ஊர்களில் காணலாம் என்பதால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டை அகராதியின் துணை அதிகமின்றிப் புரிந்துகொள்ளும் பேறு இங்குள்ள உழவருக்கு உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி விதிக்கப்படாத நிலங்களைக் கழித்துக்காட்டும் பகுதி ஒன்று ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும். குடியிருப்பான நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்து ஓடிய வாய்க்கால்கள், கைவினைஞர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அது பட்டியலிடுகிறது. இதை எழுதியவருக்கு வரிக் கணக்கைத் தவிர வேறு நோக்கம் இருந்திருக்காது. எனினும் அந்தப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்தால் ஓர் ஊர் முழுவதும் எழுந்து நிற்கிறது. குளத்தின் குளிர்ச்சியோடு கூடவே, யார் எங்கே வாழலாம், இறந்தபின் எங்கே எரியலாம் என்ற பிரிவினையின் கோடும் தெரிகிறது. அழகை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளக் கல்வெட்டு இடம் கொடுப்பதில்லை.

அதே கோயிலில் இன்னொரு கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பட்டியல். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட இவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், முன்பிருந்த ஊரும் கோயிலும், இப்போது ஒதுக்கப்பட்ட வீடு எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது வரிசையில், எத்தனையாவது என்பதும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தெற்குத் தளிச்சேரியின் தென் வரிசையில் முதல் வீடு, திருவையாற்றுக் கோயில் ஒன்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. அவளைத் தொடர்ந்து வருபவர்களில் ஒருத்தியின் பெயர் நக்கன் எடுத்தபாதம். கூத்தபிரானின் தூக்கிய திருவடியைப் பெயராகக் கொண்ட அந்தப் பெண் எப்படி ஆடினாள், திருவையாற்றிலிருந்து புறப்பட்ட நாளில் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாளா, புதிய ஊர் அவளுக்குப் பிடித்திருந்ததா என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆண்டுக்கு நூறு கலம் நெல் அவளுடைய பங்கு என்பது மட்டும் தெரியும். கதை எழுத விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு இருக்க முடியாது. நானூறு வீடுகளின் முகவரி கையில் இருக்கிறது. கதவைத் தட்ட வேண்டியது எழுதுபவர் வேலை.

இந்தக் கல்வெட்டுகள் இப்போது எளிதாகக் கிடைப்பதால், ஒருகாலத்தில் அவற்றைப் படிக்க ஆளில்லாமல் இருந்ததை மறந்துவிடுகிறோம். பெரிய கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1886ஐ ஒட்டி, ஜெர்மானிய அறிஞர் ஹூல்ட்ஷ் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் உறுதியாயிற்று. கருவறையைச் சுற்றிய இருண்ட நடைவழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டார். மேற்பூச்சு பெயர்ந்த இடத்தில் நின்று அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதே அந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கம்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புறம்பயத்தில் 1892இல் பிறந்த தி.வை.சதாசிவ பண்டாரத்தாரும் இத்தகைய பார்வை உடையவர். பல்லவர், கங்கர், சோழர் ஒருபுறமும் பாண்டியர் மறுபுறமுமாக நின்று, சோழரின் எழுச்சிக்கு வழி திறந்த போர் ஏறத்தாழ கி.பி. 880இல் நடந்த களம் அந்த ஊர். ஊர்ப்பிள்ளைகளுக்கு அது மாடு மேயும் திடலாக இருந்திருக்கும்; பண்டாரத்தாருக்கோ அது வாழ்நாள் வேலையின் வாசலாயிற்று. கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபடியே கோயில் கோயிலாகக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்து பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதியவர் அவர்.

அவரும் நீலகண்ட சாஸ்திரியும் எழுதிய வரலாறுகளைத் துணையாகக் கொண்டே, மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதினார். அந்த நாவலின் தொடக்கம் கவனிக்கத் தக்கது. அரண்மனையிலோ போர்க்களத்திலோ தொடங்காமல், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரி என்னும் வீராணத்தின் கரையில் அது தொடங்குகிறது. முதலாம் பராந்தகனின் விருதுப்பெயரைத் தாங்கிய அந்த ஏரி, கொள்ளிடத்தின் நீரை வடவாறு என்னும் வேறொரு கால் வழியே பெற்று இன்றும் நிரம்புகிறது. ஏரிக்கு அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலின் கல்வெட்டு ஒன்று, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற இரவிதாசன் முதலானோரின் உறவினருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்கிறது. நாவலின் மையத்தில் நிற்கும் கொலைக்குச் சான்றான கல், நாவல் தொடங்கும் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாவலின் நாயகன் வந்தியத்தேவனோ, தஞ்சைக் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையின் கணவன் என்ற அளவில் வரும் பெயர். அந்தப் பெயருக்கு ஒரு குதிரையையும் குறும்பையும் கொடுத்து, புதுவெள்ளம் பாயும் கரையில் நிறுத்தியபோது ஐந்து பாகங்களுக்கான உயிர் அதில் வந்துவிட்டது. கல்வெட்டு எலும்பைக் கொடுத்தது என்றால், ஆடிப்பெருக்கு இரத்தத்தைக் கொடுத்தது. கல்கியின் வாசகர்கள் ஆண்டுதோறும் கரையில் கண்டிருந்த காதோலை கருகமணியும், மஞ்சள் நூலும், கட்டுச்சோறும், சிறுவர்கள் இழுத்துச் செல்லும் சப்பரமும் அந்த முதல் பக்கங்களைத் தங்களுடையதாக உணரச் செய்தன.

உ.வே.சாமிநாதையரின் வழி இன்னும் எளியது. 1855இல் பிறந்து, பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட அவர், எண்பது வயதைத் தாண்டியபின் ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிய தன் வரலாற்றைத் தம்மைப் பற்றிச் சொல்லித் தொடங்கவில்லை. ஊரைப் பற்றிச் சொல்லித் தொடங்கினார். ஏகாதசி விரதத்தன்று மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர் அதற்குப் பரிகாரமாக உண்டாக்கிய ஊர் அது என்ற செவிவழிக் கதையை முதலில் வைத்தார். ஏட்டுச்சுவடிகளுக்காகத் தமிழ்நாடு முழுவதும் அலைந்த பேரறிஞர், ஊர்க்கிழவர்கள் சொன்ன கதையை அற்பமென்று ஒதுக்கவில்லை என்பது கற்றுக்கொள்ள வேண்டிய செய்தி.

மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்த தி.ஜானகிராமனோ, நண்பர் சிட்டியுடன் சேர்ந்து காவிரியையே பின்தொடர்ந்தார். குடகில் ஊற்றெடுக்கும் இடம் முதல் பூம்புகார் வரை இருவரும் மேற்கொண்ட பயணம் 1971இல் நடந்தாய் வாழி காவேரி என்னும் நூலாயிற்று. ஆற்றின் ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டே கோயிலுக்குள் நுழைந்து, கோயிலிலிருந்து சங்கீதத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்து, மீண்டும் ஆற்றுக்கே திரும்பும் அந்த நடை, தமிழில் பயண எழுத்து எவ்வளவு நிறைவானதாக இருக்க முடியும் என்பதற்குச் சான்று. ஜானகிராமனின் மோகமுள் நாவலைப் படித்தவர்களுக்குக் கும்பகோணத்தின் தெருக்களும் காவிரிப் படித்துறைகளும் கதைமாந்தரைப் போலவே பழகிப்போயிருக்கும்.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதுவும் இந்த நெல்லின் வரலாறுதான். இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலும் சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லும் ஆகிய நாவல்கள் அங்கிருந்து பிறந்தன. ஆற்றங்கரை அழகை எழுதும் கை, அந்தச் சேரியின் சாம்பலையும் எழுதத் துணியாவிட்டால், அந்த அழகும் அரைகுறையாகவே நிற்கும்.

ஒரு சிற்றூரின் இயற்கையும் பழமையும் ஒரே நூலில் அடங்கத் தக்கவை என்பதைப் பிற நாட்டாரும் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் ஒயிட் 1789இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அவ்வூரின் இயற்கை வரலாறும் தொன்மைகளும் சேர்ந்தே இடம்பெற்றன. உருவத்தில் எளிதில் பிரித்தறிய முடியாதபடி ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்த மூன்று சிறு பறவைகளை அவற்றின் குரலைக் கேட்டே வெவ்வேறு இனம் என்று கண்டவர் அவர். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காகக் காது கொடுத்ததன் பயன் அது.

அத்தகைய கவனத்துக்குக் காவிரிப் படுகையில் ஒரு வயல் போதும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்குப் பிறகு தண்ணீர் வந்து, தொளி உழவு நடக்கும்போது, புரளும் சேற்றில் கிளம்பும் புழுபூச்சிகளுக்காக டிராக்டரின் பின்னாலேயே கொக்குகள் கூட்டமாக நடக்கும். நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் முதலில் சோர்ந்து வெளிறிக் கிடந்து, வேர் பிடித்தபின் பச்சை கட்டும். ஐப்பசி அடைமழையில் வயல் முழுக்கத் தவளைச் சத்தம். அப்போது வரும் நத்தைகுத்தி நாரையின் அலகை உற்றுப் பார்க்க வேண்டும்: மேலலகும் கீழலகும் நுனியில் சேர்ந்தாலும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், நத்தையைக் கையாளுவதற்கு ஏற்ற அமைப்பு அது. இந்த நாரைகள் கூடு கட்டும் உதயமார்த்தாண்டபுரம் ஏரி மேட்டூர்த் தண்ணீரால் நிரம்பி, கோடையில் வற்றிவிடுவது. பறவையின் பருவமும் பாசனத்தின் பருவமும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சம்பா முற்றி அறுவடைக்குச் சில நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் ஈரம் காயுமுன் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தை அறுப்பு முடிந்து வைக்கோலை அள்ளியதும் அடித்தாளுக்கு நடுவே உளுந்துச் செடி தலைகாட்டும். இவற்றை மாதம் தவறாமல் ஒரு நோட்டில் குறித்துவருபவருக்கு, ஓராண்டு முடியும்போது எழுதப் பொருள் இல்லை என்ற கவலை இருக்காது.

காவிரிக் கரையில் இப்படி எழுத நினைப்பவர் விரைந்து செயல்படுவது நல்லது. திருப்பணி என்ற பெயரில் மணற்பீய்ச்சி அடித்தும் சுண்ணாம்பும் வண்ணமும் பூசியும் கல்வெட்டுகள் மழுங்கிப்போன கோயில்கள் உண்டு. மணல் அள்ளிய இடங்களில் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்து, பக்கத்து வாய்க்காலின் தலைமடைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், ஊரின் அடையாளமாக நின்ற மரங்களை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. இவற்றைவிட ஓசையில்லாமல் அழிவது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வயல்களுக்கும் மடைகளுக்கும் திடல்களுக்கும் மக்கள் வழங்கும் பெயர்கள் உண்டு. கிராம நிர்வாக அலுவலகத்தின் பதிவேட்டில் அவற்றுக்குச் சர்வே எண் மட்டுமே இருக்கும். கல்வெட்டுக் காலத்திலிருந்தே வழங்கிவரும் பெயர்கள்கூட அவற்றில் இருக்கலாம். அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாற்று நட்டும் நீர் பாய்ச்சியும் முதுமை அடைந்த ஆண்களும் பெண்களும். வயலுக்குப் போகாத பேரப்பிள்ளைகளுக்கு அவை தெரியாது. கோடையில், வேலை ஓய்ந்திருக்கும் பிற்பகல்களில், அவர்களில் ஒருவரோடு தலைமடையிலிருந்து கடைமடை வரை வாய்க்கால் கரையோடு நடந்து, அவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளலாம்.